காட்பாடி: தோட்டச் சுவரில் பதித்த கல் உதிர்கிறது, உப்பும் பூக்கிறது. ஆசிட் போடலாமா?

காட்பாடி மல்லிப்பந்தல்

வணக்கம். எங்கள் வீடு காட்பாடியில், மலையடிவாரச் சரிவில் இருக்கிறது. பின்புறத் தோட்டம் வீட்டுத் தரையைவிட உயரம். அதனால் நடுவே ஒரு சுவர் உண்டு. ஹாலோ பிளாக், 42 அடி நீளம், நாலரை அடி உயரம். சுவருக்குப் பின்னால் இரண்டரை அடிக்கு மண் நிற்கிறது. அந்த மேட்டில்தான் அம்மாவின் குண்டுமல்லி, கனகாம்பரம், ஒரு செம்பருத்தி.

போன மே மாதம் சுவரின் முன்பக்கம் முழுக்கக் கல் பதித்தோம். அடிவரிசை கடப்பா, இரண்டடிக்கு ஓரடி. அதற்கு மேலே ராஜஸ்தான் மஞ்சள் மணற்கல், ஓரடிக்கு அரையடி. இரண்டுமே 20 மில்லிமீட்டர் கனம். பதித்த புதிதில் சாயங்கால வெயில் அந்த மஞ்சளில் படும்போது அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

ஐப்பசி மழை பிடித்த பத்து நாளில் கடப்பாவும் மணற்கல்லும் சேரும் இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், போனது. காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக வந்தது. இப்போது கல்லே விழுகிறது. இதுவரை 11 மணற்கல். நேற்று ஒன்று என் மகள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அவள் பள்ளியில் இருந்தாள்.

பதித்தவரைக் கேட்டேன். "விழுந்ததை ஒட்டித் தரேன். மொத்தமா ஆசிட் போட்டுக் கழுவி, பளபளன்னு ஒரு கோட்டிங் அடிச்சிட்டா உப்பு வராது" என்கிறார். செய்யலாமா? இல்லை, எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆற்காடு மேஸ்திரி

தம்பி, ஆசிட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் வேலை, பாப்பா அந்தப் பக்கம் போகாதபடி இன்றைக்கே ஒரு கயிறு கட்டுங்கள். மணற்கல் ஒன்று 2 கிலோதான் இருக்கும், ஆனால் அந்தக் கடப்பா ஒன்றே 10 கிலோ. காலில் விழுந்தால் எலும்பு தாங்காது.

அடுத்து, விழுந்த கல்லைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். கலவை கல்லோடு வந்துவிட்டதா? அப்படியானால் சுவர் பிடிக்கவில்லை. கலவை சுவரிலேயே நிற்க, கல் மட்டும் சுத்தமாக வந்ததா? அப்படியானால் கல் பிடிக்கவில்லை. பூச்சும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தால் பூச்சே சரியில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பார்த்து எழுதுங்கள்.

எதில் ஒட்டினார்கள், காலையில் பதித்தார்களா, மத்தியானத்திலா, அதையும் சொல்லுங்கள்.

குடியாத்தம் தம்பி

எங்கள் காம்பவுண்டிலும் இதே உப்புதான். கிளியர் கோட் இரண்டு கை அடித்தோம், ஆறு மாதமாக நன்றாக இருக்கிறது. அதையே அடித்துவிடுங்கள் அண்ணா, பெயர்ப்பதெல்லாம் வீண் செலவு.

கட்டடப் பொறியாளர், சத்துவாச்சாரி

குடியாத்தம் தம்பி, உங்கள் சுவருக்கு இரண்டு பக்கமும் காற்று. இவர் சுவருக்கு ஒரு பக்கம் ஈர மண். இரண்டும் ஒன்றல்ல.

காட்பாடி நண்பருக்கு: உங்கள் சுவரில் தண்ணீர் முன்பக்கத்திலிருந்து வரவில்லை, முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. மழைத் தண்ணீரும் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரும் மண்ணில் இறங்கிச் சுவரில் தேங்குகிறது. ஹாலோ பிளாக் அதைக் குடிக்கிறது. மண்ணிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு அந்த ஈரம் வெயில் படும் முகத்துக்கு வருகிறது. அங்கே தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும். நீங்கள் கழுவியபோது பாதி உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள் போயிருக்கும். அதனால்தான் இரண்டாம் முறை அதிகம்.

முகத்தில் பளபளப்பு கோட்டிங் அடித்தால் ஆவி போகிற வழி அடைபடும். உப்பு கல்லுக்கு உள்ளேயே படிகமாகி, மணற்கல்லை ஏடு ஏடாக உரிக்கும். இப்போது கல் விழுகிறது, அப்புறம் கல்லே பொடியும்.

சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா? பின்பக்கம் ஜல்லி போட்டார்களா? இன்னொன்று, தூக்குக் குண்டு பிடித்து நாலைந்து இடத்தில் சுவர் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஹாலோ பிளாக் மண்ணைத் தாங்குவதற்கான சுவர் அல்ல. வெளியே சாய்ந்திருந்தால் கல்லைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டுச் சுவரைத்தான் கவனிக்க வேண்டும்.

ராணிப்பேட்டை மாடித்தோட்டம்

ஆசிட் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று, தம்பி. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடிய அந்த மழைக்குப் பிறகு, எங்கள் கிணற்றடிக் கடப்பாவில் இப்படித்தான் உப்பு பூத்தது. கடையில் சொன்னார்கள் என்று ஆசிட்டில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். சோடா மாதிரி நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம், கை வைத்தால் சொரசொரவென்று. கடப்பா சுண்ணாம்புக்கல், ஆசிட் அதையே தின்னும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த நிறம் இன்றுவரை திரும்பவில்லை. எண்ணெய் தடவினால் இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் விழுந்த துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் அந்தக் கல் பக்கம் ஆசிட்டைக் கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் மணற்கல்லிலும் வேண்டாம். அதில் இருக்கிற இரும்பு கிளம்பித் துருக்கறையாக நிற்கும்.

உப்பை ஈரம்படாமல், நன்றாகக் காய்ந்த நாளில், தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் அள்ளிவிடுங்கள். கீழே தள்ளினால் மண்ணில் கலந்து திரும்ப வரும்.

காட்பாடி மல்லிப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரி ஐயா சொன்னபடி 11 கல்லையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று என்று கலவை உருண்டை வைத்த தடம், வடை தட்டி வைத்த மாதிரி. மற்ற இடமெல்லாம் வெறும் கல், அதில் மாவு போலக் கல்தூசி. உருண்டைகள் சுவரிலேயே நிற்கின்றன. கல் சுத்தமாக வந்திருக்கிறது.

ஒட்டியது சிமென்ட்டும் எம் சாண்டும். கத்திரி வெயிலில், காலை 11 மணிக்கு ஆரம்பித்து 4 மணி வரை பதித்தார்கள். சுவர் மேற்குப் பார்த்தது. கல்லை நனைத்ததாக எனக்கு நினைவில்லை. கலவைக்கு எங்கள் போர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் பக்கெட்டின் ஓரமெல்லாம் வெள்ளை படியும்.

தூக்குக் குண்டு பிடித்தேன், சுவர் நேராக இருக்கிறது. ஓட்டை ஒன்றுகூட இல்லை. பின்னால் ஜல்லியும் இல்லை, மண்தான்.

அம்மாவிடம் பின்பக்கம் தோண்ட வேண்டியிருக்கலாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, போய் மல்லிச் செடிப் பக்கத்தில் நின்றார். ஒன்பது வருடச் செடி அது.

ஆற்காடு மேஸ்திரி

இப்போது விளங்குகிறது. உருண்டை வைத்து ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், கல்லும் மட்டத்துக்கு வரும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே பை மாதிரி இடம் இருக்கிறதே, அதில் தண்ணீர் நிற்கும். அதோடு காய்ந்த கல், தூசி, கத்திரி வெயில். சூடான கல் கலவையின் ஈரத்தை ஒரு நிமிஷத்தில் உறிஞ்சிவிடும். சிமென்ட் இறுகத் தண்ணீர் வேண்டும், அது கிடைக்கவில்லை. அப்புறம் எப்படிப் பிடிக்கும்?

வேலூர்க் கோட்டை மதிலைக் காட்டி, "நானூறு வருஷத்துக்கு மேல அந்தக் கல்லு நிக்கலையா" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அங்கே கருங்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், எடையே அதைப் பிடித்து வைக்கிறது. உங்கள் சுவரில் கிட்டத்தட்ட 800 கிலோ கல் வெறும் ஒட்டை நம்பித் தொங்குகிறது. அந்த ஒட்டில் குறை வைக்கக் கூடாது.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு கல்லையும் ஐந்து இடத்தில் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் விடுங்கள். பானையைத் தட்டுகிற மாதிரி கேட்டால் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். குறி போட்டதை நீங்களே பெயர்த்து எடுத்துவிடுங்கள், தானாக விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

கட்டடப் பொறியாளர், சத்துவாச்சாரி

முதலில் பின்பக்கம், அப்புறம்தான் முன்பக்கம். வரிசையை மாற்றினால் ஒட்டிய காசு மறுபடி போகும்.

சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு அடிவரை மண்ணை எடுங்கள், ஒரே நாளில் 42 அடியும் வேண்டாம், பத்துப் பத்து அடியாக. வெளிவந்த பிளாக்கைக் கழுவிக் காயவிட்டுப் பூசி, சிமென்ட்டோடு கலந்து அடிக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. ஐந்தடிக்கு ஒன்றாக 3 அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சற்றே சரிவாக, முன்தரைக்கு நாலு விரல் உயரத்தில். அதன் பின்னால் 20 மில்லிமீட்டர் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி விரிக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சேறு வந்து இரண்டு மழையில் ஜல்லி அடைத்துக்கொள்ளும். சுவர்த் தலையில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டிய மூடுகல், அதன் அடியில் நீர் சொட்ட ஒரு கோடு.

முன்பக்கம் ஒட்ட சாதாரணக் கலவை வேண்டாம். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண் போட்ட டைல் பசையில் வகை 3 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். அதைக் கலக்க போர் தண்ணீரும் வேண்டாம், குடிக்கிற தண்ணீர் எடுங்கள். கான்கிரீட்டுக்கே ஐஎஸ் 456 தண்ணீருக்கு வரம்பு வைத்திருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட் 400. பக்கெட்டில் வெள்ளை படியும் தண்ணீரைச் சோதிக்காமல் நம்ப முடியாது.

பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு முறை மேலிருந்து கீழாக 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நியூட்ரல் சிலிக்கான் நிரப்புங்கள். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் கடப்பாவை அரிக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஆற்காடு மேஸ்திரி

சார் சொன்னது சரி. பதிக்கும்போது செய்ய வேண்டியதை நான் சேர்க்கிறேன். வழவழப்பான பூச்சைக் கொத்திவிடுங்கள். கல்லின் முதுகை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். பசைக்கு, கல்லைத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது. பல் வைத்த கரணையால் சுவரில் இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லிசாக முழுக்கத் தடவி, அழுத்தி அசைத்து, ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். பத்துக் கல்லுக்கு ஒரு கல்லைப் பிடுங்கிப் பாருங்கள், முதுகில் வெற்றிடம் தெரியக் கூடாது. சுவரில் இழுத்த பசையில் விரல் வையுங்கள். விரலில் ஒட்டினால் வேலை செய்யலாம். ஒட்டாவிட்டால் தோல் கட்டிவிட்டது, சுரண்டி எறிந்துவிடுங்கள். மேற்குச் சுவருக்குக் காலை வேலைதான் நல்லது, மேலே பச்சை வலை கட்டிக்கொள்ளுங்கள்.

கடப்பாவுக்குப் பக்கவாட்டில் சின்னப் பள்ளம் வெட்டித் துருப்பிடிக்காத கம்பி போட்டுச் சுவரில் கட்டிவிடுங்கள். எடையுள்ள கல்.

ராணிப்பேட்டை மாடித்தோட்டம்

மல்லிக்கு நான் சொல்கிறேன். அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நவம்பர் கடைசி வாரம்தானே குண்டுமல்லிக்குக் கவாத்துக் காலம், சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்துவிட்டு, முதல் நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் சாயங்காலம் சுற்றிலும் ஓரடி தள்ளித் தோண்டி மண்ணோடு எடுங்கள். ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினால் வேர் குலையாது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள். இனிமேல் குழாயைத் திறந்துவிட்டுப் போகாமல் சொட்டுநீர் போட்டால் சுவருக்கும் நல்லது.

காட்பாடி மல்லிப்பந்தல்

ஆவணி ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன். தட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் பானைச் சத்தம், அதனால் முழுவதையும் பெயர்த்தோம். மணற்கல்லில் 30 உடைந்தது, புதிது வாங்கினோம். பின்பக்கம் தோண்டிய அன்று மழை பெய்து ஒரு வாரம் போயிருந்தும் அடியில் மண் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மாசியில் பதித்து முடித்தோம். வேறு ஆள் வைத்தேன். அவர் பதித்த முதல் நாளே நான் ஒரு கல்லைப் பிடுங்கிக் காட்டச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம், பிறகு அவரே பிடுங்கிக் காட்ட ஆரம்பித்தார்.

மல்லி பிழைத்தது. சித்திரையில் பூ குறைவு, இப்போது பரவாயில்லை.

போன வாரம் ராத்திரி இரண்டு மணி நேரம் கொட்டியது. காலையில் அம்மா என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார், எட்டுக் குழாயில் ஏழிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து மூன்றாவது மட்டும் காய்ந்து கிடக்கிறது, அதற்கு மேலே உள்ளங்கை அளவு உப்பும் தெரிகிறது. தேய்த்து எடுத்துவிட்டேன். திரும்பத் தோண்ட வேண்டுமா?

ஆற்காடு மேஸ்திரி

தோண்ட வேண்டாம் தம்பி. சைக்கிள் கம்பி ஒன்றின் முனையை வளைத்துக் குழாய்க்குள் விட்டுக் கிளறுங்கள். முக்கால்வாசி அது குளவி கட்டிய மண்கூடாக இருக்கும். எடுத்துவிட்டு எல்லாக் குழாய் வாயிலும் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு எழுதுங்கள்.

காட்பாடி மல்லிப்பந்தல்

குளவிக்கூடுதான் ஐயா. எடுத்ததும் அரை டம்ளர் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் வந்தது. வலை கட்டிவிட்டேன்.