புதுப்பிப்பு: தொண்டைத் தொற்றும் ருமாட்டிக் காய்ச்சலும்

தொண்டைத் தொற்றை உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் எம் புரதம் இதயப் புரதங்களை ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராக உடலில் கிளம்பும் நோய் எதிர்ப்புப் படை குழந்தையின் இதய வால்வையே தாக்கிவிடுகிறது, இதயம், மூட்டு, மூளையைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இப்படித்தான் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். இந்தக் கிருமியை எதிர்த்து இரத்தத்தில் உருவாகும் ஏ.எஸ்.ஓ. என்ற எதிர்ப்புப் பொருளின் அளவு கூடினாலே ருமாட்டிக் காய்ச்சல் என்று தொனித்துவிட்டது, அப்படியில்லை. அண்மையில் தொற்று வந்து போனதற்குத்தான் அது சாட்சி.

"வலி மூன்று நாளில் போய்விட்டதே, பத்து நாள் மருந்து எதற்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வலி தானாகவே அடங்கும், கிருமி தொண்டையில் தங்கிவிடும். பென்சிலினோ அமாக்சிசிலினோ பத்து நாளும் போனால்தான் கிருமி ஒழியும். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம்.

தொண்டை வலி வந்து இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்று முழங்கால், நாளை கணுக்கால் என வீக்கம் இடம் மாறினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே வலி மாத்திரை கொடுத்தால் இந்த இடமாற்றம் மறைந்து, நோயைக் கண்டுபிடிப்பது சிக்கலாகும்.

கை கால் தன்னை மீறித் துள்ளி அசையும் கொரியா என்ற பாதிப்பு இன்னும் தாமதமாக, சில மாதம் கழித்தும் வரும். கையெழுத்து திடீரென்று கோணலாகும். உங்கள் இரண்டு விரலை இறுகப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்: பால் கறப்பதுபோல் பிடி இறுகி இறுகித் தளரும். குறும்பு என்று அடிவாங்கும் பிள்ளைகள் இவர்கள்தான்.

ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானால், அது திரும்ப வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாதீன் பென்சிலின் ஊசி. இதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது ஐந்து வருடம்.