புதுப்பிப்பு: ஆர்ட்டீரியல் லைன் அளவும் கஃப் அளவும் ஒத்துவராத பிரச்சினை தீர்ந்தது

கிரிட்டிக்கல் கேர் ரெசிடென்சியில் இருக்கிறேன். ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் செருகி இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் குழாய்), கையில் கட்டி அளக்கும் கஃப்பைவிட 15 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டிரான்ஸ்டியூசர் (குழாயில் வரும் அழுத்தத்தை உணரும் கருவி) எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்ன அக்கா சொன்னதுதான் சரி. கட்டிலை உயர்த்தியிருந்தார்கள், கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசர் பழைய உயரத்திலேயே, இதயத்துக்கு ஏறக்குறைய 20 செ.மீ. கீழே இருந்தது. 10 செ.மீ. இறங்கினால் அளவு சுமார் 7.5 மி.மீ. ஏறும். நான்காவது விலா இடைவெளிக்கும் அக்குளின் நடுக்கோட்டுக்கும் நேராக, அதாவது இதய மட்டத்தில் வைத்து, ஜீரோ செய்ததும் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொள்ளச் செய்ததும்) வித்தியாசம் 3 ஆனது. அந்தப் பொய் அளவை நம்பி, இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைக் குறைக்க இருந்தோம், அதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

எதிர்பாராத ஒன்று: மறுநாள் மானிட்டரில் அழுத்த அலை தட்டையாகி சிஸ்டாலிக் (மேல் அளவு) இறங்கியது. கஃப் அளவு மாறவில்லை. பார்த்தால், குழாய்க்குள் சலைனை அழுத்தித் தள்ளும் பிரஷர் பேக்கின் அழுத்தம் 300 மி.மீ.-லிருந்து இறங்கியிருந்தது. மறுபடி ஏற்றி, ஃபிளஷ் செய்து பார்த்தேன். அலை பழையபடி வந்துவிட்டது.