மே மாதம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்து நாள்: என்ன செய்யலாம்?

ஊருணிக்கரை:
விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். மே விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஏதாவது நடத்தலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வருஷம் வெளியூரிலிருந்து ஒரு குழுவைக் கூட்டி வந்தோம். தெர்மாகோல், பசை, மினுமினுப்புத் தூள் என்று மூன்று நாள் ஓடியது, கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ், குரூப் போட்டோ. நாலாம் நாள் பார்த்தால் அந்தத் தெர்மாகோல் தாஜ்மகால் எல்லாம் ஊருணிக்குள் மிதக்கிறது. இந்த முறை அது வேண்டாம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை முப்பது பிள்ளைகள், கையில் எட்டாயிரம் ரூபாய். பாதிப் பேரின் அம்மாக்கள் காலையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். கையால் செய்து பார்த்துக் கற்கிற மாதிரி நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பனங்காட்டான்:
அண்ணே, பனை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு தெர்மாகோலுக்கு ஏன் போனீர்கள்? இப்போதுதான் பதநீர்ப் பருவம். பனையேறியிடம் முதல் நாளே சொல்லி வைத்து, விடியக்காலையில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். தடவாவிட்டால் இறக்குவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். அதே சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டால் சட்டென்று சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக இருப்பது இதனால்தான் என்று சொன்னதும் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய் ஆரத்தித் தட்டையே தூக்கி வந்துவிட்டது.

அப்புறம் விடிலி, அதாவது பதநீர் காய்ச்சுகிற கொட்டகை. பதநீர் பொங்கி வழியப் போகிற நேரத்தில் இடித்த ஆமணக்கு விதை துளியூண்டு போட்டதும் நுரை அடங்குவதைப் பார்க்கவே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அடுப்புப் பக்கம் சின்னதுகளை விடாதீர்கள், பாகு தெறித்தால் தோல் உரிந்துவிடும். காய்ச்சியதைச் சிரட்டையில் ஊற்றுகிற வேலையையும் பெரியவர்களே செய்யட்டும், ஆறிய பிறகு கருப்பட்டியைத் தட்டி எடுக்கிற வேலை பிள்ளைகளுக்கு.

ஓலை முடைவதற்கு ஊரிலேயே ஒரு பாட்டி இருப்பார். காற்றாடி, கிலுகிலுப்பை, பதநீர் குடிக்கிற பட்டை எல்லாம் அவர் கையில் அஞ்சு நிமிஷ வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வெளியூர்க் குழுவுக்குக் கொடுத்த சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். நம்ம பாட்டிதானே என்று டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். நுங்கு வண்டிக்கு ஆசிரியரே தேவையில்லை, நுங்கைத் தின்றுவிட்டுக் கூந்தலை, அதாவது மிஞ்சுகிற வெறும் காயை, கையில் கொடுத்தால் போதும்.

சாக்பீஸ்:
நான் பள்ளிக்கூடத்து ஆள், அதனால் நிழல் பக்கம் வருகிறேன். வெட்ட வெளியில் ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் மே நடுவில் நிழல் ஆகச் சிறிதாவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 12.14க்கு. அப்போதும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த நிழல் தெற்கே விழும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போயிருக்கும். பெரியவர்களே நம்ப மாட்டார்கள், பந்தயம் கட்டலாம். நிழலே விழாத உச்சி சித்திரை பிறக்கிற சமயத்தில் வந்து போய்விடும், அடுத்தது ஆகஸ்ட் கடைசியில். வெயிலில் நிற்க விடாமல், கல் வைக்க மட்டும் ஒவ்வொருவராக ஓடிவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று செலவே இல்லாதது. மூன்று கண்ணாடிப் பாட்டிலில் கரிசல், வைப்பாற்று மணல், வீட்டு வாசல் மண். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். கரிசல் பெரும்பாலும் மறுநாளும் கலங்கியே கிடக்கும். வெடிப்பு ஏன் விடுகிறது என்ற பேச்சு அங்கிருந்து தானாக வரும்.

நிழற்குடை:
எல்லாம் சரி, நேரத்தை யாரும் சொல்லவில்லையே. காலை ஆறரை முதல் ஒன்பதரை, சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் மரத்தடியோ வீடோ, மோரோடு. நிழல் அளக்கிற ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. உங்கள் ஊர்க் கோயில் கொடை எந்த வாரம் என்று பார்த்து நாள் குறியுங்கள், கொட்டுச் சத்தம் கேட்டால் ஒரு பிள்ளையும் உட்காராது.

கிணற்றில் நீச்சல் பழக்கலாம் என்று அடுத்து ஒருவர் வருவார், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்: முப்பது பிள்ளைகளோடு வேண்டாம். நீந்தத் தெரிந்த பெரியவர் பிள்ளைக்கு ஒருவர் என்று இருந்தால் தவிர நினைக்கவே நினைக்காதீர்கள். விதைப்பந்தும் செய்து மே மாதமே எறியாதீர்கள், காய்ந்து கிடக்கும், எறும்புக்குத்தான் லாபம். செய்து நிழலில் உலர்த்தி வையுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் போடலாம்.

பள்ளி மண்டபம் வேண்டுமென்றால் மே 1 கிராம சபையில் பேசிவிடுங்கள். தலைமையாசிரியரிடமும் தனியாகக் கேளுங்கள்.

ஊருணிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குச் சாயங்காலமே பாட்டியைப் போய்ப் பார்த்தேன். சம்பளம் என்றதும் சிரித்துவிட்டு, "அது கிடக்கட்டும், குருத்தோலையை யாரு வெட்டித் தருவா?" என்றுதான் கேட்டார். நாளை விடியக்காலையில் பனையேறி அண்ணனைப் பிடிக்க வேண்டும். சாக்பீஸ் சார், அந்தக் குச்சி கம்பியாக இருக்கலாமா, மூங்கிலா?

சாக்பீஸ்:
எதுவும் சரி. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.