வன்னியில் கேமிங் பிசி கட்டியவர்கள், எரித்தவர்கள்: உங்கள் கதையையும் எழுதுங்கள்

கரடிப்போக்கான்:

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிக்கலாம்.

போன வருசம் காலபோக நெல் விற்ற காசில் அப்பா எனக்கென்று ஒரு பங்கு ஒதுக்கித் தந்தார். சேமிப்பையும் சேர்த்து ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் காட், பி550 மதர்போட், 16 ஜிபி ராம் என்று யூடியூப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தேன். பிராசசருக்கு மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை, கிராபிக்ஸ் காட்டுக்கு ஒரு மாதம் போனது. சுவரில் வருகிற கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பவர் சப்ளைக்கு எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்டால், கடையில் பில் எழுதிக்கொண்டிருந்த அண்ணா "கேசிங்கோட 500 வாற் பவர் சப்ளை சும்மா வருது தம்பி" என்றார், நான் "சரி அண்ணா" என்றேன், அவ்வளவுதான்.

நாலு மாதம் ஓடியது. ஆடி மாதத்து வெக்கை, பின்னேரம் ஏழு மணி, எல்லா வீட்டிலும் லைட் போட்டு வோல்ற்றேஜ் இறங்கியிருக்கும் நேரம். ஜிடிஏ விளையாடிக்கொண்டிருக்கிறேன், முதலில் ஒரு மணம், பிறகு டொம் என்று ஒரு சத்தம். அம்மா குசினியில் இருந்து ஓடிவந்த வேகத்தைப் பார்த்ததும் கணினி போன கவலையே ஒரு நிமிடம் மறந்துபோனது. எங்கள் ஊர் அம்மாக்களுக்கு அந்தச் சத்தம் வேறு.

அடுத்த நாள்தான் பவர் சப்ளையைக் கழற்றி அதன் ஒட்டியை வாசித்தேன். பெரிய எழுத்தில் 500 வாற். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ற் வரிசைக்கு 18 அம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள், 216 வாற். கிராபிக்ஸ் காட்டும் பிராசசரும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ற்றில்தான், 3060 தனியாகவே 170 வாற், பிராசசர் இன்னொரு எழுபது எண்பது. அந்தக் காட்டுக்கு 550 வாற் பவர் சப்ளை வேண்டும் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நான்தான் வாசிக்கவில்லை. நாலு மாதம் அது தாங்கியதே பெரிய காரியம்.

போனது பவர் சப்ளையும் மதர்போட்டும். 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, மதர்போட்டும் போய்விட்டது, அதனால் காட் தப்பியதா, பிராசசர் தப்பியதா என்று வீட்டில் இருந்து பார்க்க ஒரு வழியும் இல்லை. எல்லாவற்றையும் அரிசிப் பைக்குள் சுற்றிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். காட் தப்பிவிட்டது. மதர்போட்டில் எரிந்த அடையாளம் இருப்பதால் வாறண்டி இல்லை என்றார்கள். சும்மா வந்த பவர் சப்ளைக்கு வாறண்டி கேட்கவே வெட்கமாக இருந்தது.

இப்போது யாராவது என்னிடம் என்ன காட் வாங்கலாம் என்று கேட்டால், உன் வீட்டுச் சுவருக்கும் காட்டுக்கும் நடுவில் என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கனடா மச்சான்:

மச்சான், உன்னுடையது நாலு மாதம். என்னுடையது ஒரு செக்கன்.

2019இல் ஊருக்கு வந்தபோது இங்கே நான் பாவித்த பழைய கணினியை அப்படியே சூட்கேசில் வைத்துப் பரந்தனில் இருக்கும் சித்தப்பா மகனுக்குக் கொண்டுவந்தேன். உடுப்பைக் குறைத்து, சித்திக்கு வாங்கிய சொக்லேற்றைக் கூடக் குறைத்துக் கொண்டுவந்த சாமான். வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், சித்தி சுவாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துத் திருநீறு வேறு பூசிவிட்டார். பிளக்கைப் போட்டேன். நீல நிறத்தில் ஒரு வெளிச்சம், ஒரு புகை, அவ்வளவு.

பழைய பவர் சப்ளைகளில் பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 அல்லது 230 என்று. கனடாவில் 120 வோல்ற், அதனால் அது 115இல் இருந்தது. ஊரில் 230. இப்போது வருகிற நல்லவற்றில் அந்தச் சுவிட்ச் இல்லை, எந்த வோல்ற்றேஜ் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டில் இருந்து முழுக் கணினி கொண்டுவருகிறவர்கள் பிளக்கைப் போட முதல் பின்பக்கம் தடவிப் பாருங்கள். கிராபிக்ஸ் காட் மட்டும் கொண்டுவந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பழுதானால் அதை வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டிவரும். தம்பி இன்றைக்கும் என்னை எயார்போட்டில் கூப்பிட வந்தால் முதலில் கேட்பது "சுவிட்ச் மாத்தினீங்களோ அண்ணா?"

மாங்குளம் வயறிங்:

நான் கேம் விளையாடுகிற ஆள் இல்லை. வயது 48, வயறிங் வேலை செய்கிறேன். தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. என் மகன் இதைக் காட்டியதால் எழுதுகிறேன்.

போன மாதம் மட்டும் மூன்று வீட்டில் ஒரே முறைப்பாடு: "கொம்பியூட்டர் கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்று அடிக்குது, பவர் சப்ளை பழுது போல." மூன்று இடத்திலும் பவர் சப்ளை நன்றாகத்தான் இருந்தது. ஏர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் விடுகிற தொடுப்பு, இல்லை. ஒரு வீட்டில் மூன்று பின் சொக்கெற் வடிவாகப் பூட்டியிருக்கிறது, பின்னால் ஏர்த் வயர் எதனோடும் தொடுக்கப்படாமல் சும்மா கிடக்கிறது. இன்னொரு வீட்டில் வயர் ஏர்த் குழிவரைக்கும் போகிறது, ஆனால் குழிக்குள் கம்பி இல்லை, யாரோ செம்பு விலைக்காகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஏர்த் ஓட்டையில் பேனா மூடியைச் செருகி இரண்டு பின் பிளக் போட்ட எக்ஸ்டென்சன் கோட்.

பவர் சப்ளைக்குள் கரண்டில் வருகிற இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிற்றர் இருக்கும், லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் கேசிங் உடம்புக்கு வரும். ஏர்த் இருந்தால் அதில் கசிகிற சொற்பம் மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங்கில் பாதி வோல்ற்றேஜ், 115 அளவில், நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு வயர் கேசிங்கில் தொட்டால், ஏர்த் இல்லாத வீட்டில் அதைத் தொடுகிற பிள்ளைதான் ஏர்த். பயமுறுத்தச் சொல்லவில்லை. இரண்டு இலட்சத்துக்குக் காட் வாங்குகிறவர்கள் ஏர்த் போட ஆளைக் கூப்பிட்டால் கூலியைப் பேரம் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு விளங்கவில்லை.

முல்லைக்கடல்:

மாங்குளம் அண்ணாவுக்கு நன்றி, எங்கள் வீட்டிலும் சுர்ரென்று அடிக்கும், நான் அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முல்லைத்தீவு. வீடியோ எடிற்றிங் வேலை, இரவில் வலரன்ட் கேம். சாமான் பட்டியலை எழுதியது நான், காசு என்னுடையது, ஆனால் கடைக்காரர் ஆரம்பத்தில் இருந்து முடிவுவரைக்கும் கூட வந்த தம்பியைப் பார்த்தே கதைத்தார். அவன் அங்கே நின்று போனில் ஃபிரீ ஃபயர் விளையாடிக்கொண்டிருந்தான்.

நான் எடுத்தது 5600ஜி, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசசர். யூடியூப்பில் எல்லோரும் 5600 எடு, அதுதான் கேமுக்கு வேகம் என்கிறார்கள், அது சரியும்தான், ஜியில் கேஷ் மெமரி, அதாவது பிராசசருக்குள் இருக்கிற வேகமான மெமரி, பாதி. ஆனால் அவர்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கடை இருக்கிறது. கிராபிக்ஸ் காட் பழுதாகி வாறண்டிக்குக் கொழும்பு போய் வர எனக்கு ஒரு மாதம் பிடிக்கும், அந்த ஒரு மாதமும் ஜியில் உள்ளே இருக்கிற கிராபிக்ஸில் வேலை ஓடும். இன்டெல்லிலும் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, 12100எஃப் மாதிரி. கரடிப்போக்குத் தம்பி அரிசிப் பையோடு பஸ் ஏறிய கதையை வாசித்தபோது இதைத்தான் நினைத்தேன்.

நான் விட்ட பிழை ராமில். காட் வாங்கக் காசு சேருமட்டும் உள் கிராபிக்ஸில்தான் ஓட வேண்டும், அப்படியிருக்க 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கிவிட்டேன், பிறகு இன்னொன்று போடலாம் என்று. உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமைத்தான் பாவிக்கும், ஒரே குச்சி என்றால் ஒரே வழி. வலரன்ட் செக்கனுக்கு அறுபது ஃபிரேமைத் தாண்டாமல் திக்கித் திக்கி ஓடியது. இரண்டாவது குச்சியை வாங்கிப் போட்ட அன்றே தொண்ணூறு, நூறு. அப்போதும் முதலில் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் போட்டுவிட்டு ஏன் மாற்றம் இல்லை என்று தலையைப் பிய்த்தேன், பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும்தான் சோடி. கணினி தொடங்கும்போது போகக்கூடிய பயோஸ் செற்றிங்கில் எக்ஸ்எம்பியும் போட வேண்டும், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுவது அதுதான். போடாததால் 3200 என்று விற்ற ராம் எனக்கு ஆறு மாதம் 2400இல் ஓடியிருக்கிறது.

பரந்தன் பெடியன்:

அக்கா, ஆறு மாதமா? நான் 144 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 144 தடவை படம் மாற்றுகிற மொனிற்றர் வாங்கி ஒரு வருசம் 60இல் பாவித்தேன். விண்டோஸில் டிஸ்பிளே செற்றிங்கில் மாற்ற வேண்டும் என்று தெரியாது. அதுவும் பரவாயில்லை, மொனிற்றர் வயரைக் காட்டில் போடாமல் மதர்போட்டில் போட்டுவிட்டுக் காட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வயரைக் கழற்றிக் கீழே இருந்த காட்டில் செருகினார், தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

வவுனியா வாத்தி:

செக்கன் ஹான்ட் பற்றி யாரும் எழுதவில்லையே. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற இணைய நாணயத்தைக் கிராபிக்ஸ் காட்டால் உண்டாக்குகிற மைனிங் நின்றதும் அதுவரைக்கும் இரவு பகலாக உழைத்த காட்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்து குவிந்தன. நானும் இணையத்தில் விளம்பரம் பார்த்து ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ஒன்று வாங்கினேன். விற்றவர் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பஸ் ஸ்ராண்டில் எப்படிச் சோதிப்பது? காட் பளபள என்று இருந்தது, துடைத்திருக்கிறார்.

வீட்டில் போட்டால் ஓடுகிறது, ஆனால் நான் எதிர்பார்த்த வேகம் இல்லை. ஜிபியூ-இசற் என்ற சின்ன மென்பொருளில் பார்த்தேன், ஷேடர், அதாவது காட்டுக்குள் கணக்குப் போடுகிற சின்ன அலகுகளின் எண்ணிக்கை 2048. உண்மையான 580இல் அது 2304. 2048எஸ்பி என்று இன்னொரு வகை இருக்கிறது, பெயர் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. பெட்டி இல்லாமல் வாங்கினால் வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். காசு திருப்பிக் கிடைக்கவில்லை, போன் நம்பரும் பிறகு வேலை செய்யவில்லை. இப்போது பழைய காட் வாங்குவதென்றால் விற்கிறவர் வீட்டுக்கே போய், அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டு, வெப்பநிலையையும் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பதில்லையா.

புதுக்குடியிருப்பான்:

எங்கள் பக்கம் எதிரி புழுதி. சோழகக் காற்றுக் காலத்தில் ரோட்டால் ஒரு டிப்பர் போனால் வீட்டுக்குள் மேசையில் பெயர் எழுதலாம். நான் அழகுக்காக முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் வாங்கினேன், காற்று உள்ளே போக வழி இல்லை, போகிற காற்றும் பக்கத்து இடுக்கால் செம்மண்ணோடு போகும். பிராசசர் 95 டிகிரியில் நின்று திணறியது.

சுத்தம் செய்யத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் சேர்விஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் "அண்ணா, இதுக்கு ஒருக்காக் காத்து அடிச்சு விடுங்கோ" என்றேன். அவரும் அடித்தார். புழுதி பறந்தது, கூடவே கொம்பிரசர் ராங்கியில் தேங்கியிருந்த தண்ணியும் சாரலாக வந்தது, கிராபிக்ஸ் காட் ஃபான் ஹெலிகொப்டர் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பிறகு ஒரு பக்கம் ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டு நாள் வெயில் படாமல் காயவைத்துத்தான் போட்டேன், தப்பியது, ஃபான் மட்டும் மாற்றினேன். இப்போது பெயின்ற் பிரஷ், ஃபானைப் பென்சிலால் அசையாமல் பிடித்துக்கொண்டு சின்ன ப்ளோவர், மாதம் ஒருக்கா. முன்பக்கம் வலை போட்ட கேசிங்குக்கு மாறிவிட்டேன்.

அது மட்டும் இல்லை, பின்மூடியைக் கழற்றினால் மதர்போட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி, கருவாடு மாதிரி. அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை, சாப்பிட்டுவிட்டு இருக்கிறேன்.

கரடிப்போக்கான்:

எல்லோருக்கும் பெரிய நன்றி, குறிப்பாகப் பல்லிக்கு.

கரண்ட் போனால் பற்றறியில் கொஞ்ச நேரம் ஓடவிடுகிற யூபிஎஸ் பற்றி உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் முதலில் 650 விஏ வாங்கினேன், அது 650 வாற் என்று நினைத்து. பின்னால் 360 வாற் என்று போட்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்து முழு இலங்கைக்கும் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, யூபிஎஸ் பீப் என்றது, அதே நொடியில் கணினியும் நின்றது. லோட் கூட என்பது ஒன்று. மற்றது, மலிவு யூபிஎஸ்கள் பற்றறியில் ஓடும்போது கரண்டை வளைவாகத் தராமல் படிக்கட்டாகத் தரும், சில பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துவராது. இப்போது கொஞ்சம் பெரியது போட்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு விளையாடுவதில்லை, சேவ் செய்துவிட்டு நிறுத்த ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். ஐப்பசி இடிக்கு அதையும் நம்புவதில்லை, பிளக்கைக் கழற்றிவிடுவேன், ரூற்றர் வயரையும் சேர்த்து.

மாங்குளம் அண்ணாவின் எழுத்தைப் பார்த்துப் போன கிழமை வயறிங்காரரைக் கூப்பிட்டு ஏர்த் பார்த்தோம். எங்கள் வீட்டிலும் குழி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. புதுச் செம்புக் கம்பி இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினார், வெயில் காலத்தில் ஈரம் காயாமல் தண்ணி ஊற்றச் சொன்னார். கூலி பேரம் பேசவில்லை. கேசிங்கைத் தொட்டால் இப்போது சுர் இல்லை. அம்மா அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டார், தண்ணி ஊற்றுவது என் வேலை.