அர்மகெதோன் நம்பிக்கை படை முடிவுகளைத் தொடுமா?

கேள்வி (திருகோணமலை):
எங்கள் ஜெபக்கூட்டத்தில் எந்தப் போர்ச் செய்தி வந்தாலும், அர்மகெதோன் என்ற கடைசிப் போரைச் சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தை, வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தை, திறக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 இங்கே ஜப்பான் குண்டு விழுந்தபோதும் கடைசிக் காலம் என்றே அழுதார்களாம், அம்மம்மா சொல்லுவா. ஆயுதம் வைத்திருப்பவர்களும் இப்படி நம்பினால்?

பதில்:
நம்பியவர்கள் இருக்கிறார்கள், தங்கச்சி. அமெரிக்க விமானப்படை, வான்டன்பெர்க் தளத்தில் அணு ஏவுகணை அதிகாரிகளுக்கு நடத்திய அறநெறி வகுப்பில் வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனமும் இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு 2011இல்தான் நிறுத்தினார்கள். ஏவுகணைச் சாவியைத் திருப்பப்போகிறவருக்கு அந்த வசனம் எதற்கு?

பதில்:
1984 தேர்தல் விவாதத்தில், அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரீகனிடமே அர்மகெதோன் பற்றிக் கேட்டார்கள். அதை வைத்துத் திட்டமிடவேண்டும் என்று தான் சொன்னதில்லை என்றார்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா. ஞாயிறு போதகரிடம் இதைக் கேட்கிறேன்.