செவலை கடித்த காலை

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறேன். என்னைக் கடித்தது யாரோ எவரோ வளர்த்த நாய் இல்லை. எங்கள் வரிசையிலேயே ஐந்து வருடமாகச் சோறு தின்கிற செவலை.

போன நவம்பர், விடாத மழை. காலை ஆறரைக்கு மூடுபனியில் எதிரே வருகிறவர் முகமே தெரியாது. தலை முதல் முழங்கால் வரை பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு விறகுக் கொட்டகைக்குள் குனிந்தேன். விறகுக்குப் பின்னால் அவள் குட்டி போட்டு நான்கு நாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நம்ம செவலைதானே என்று போய்விட்டேன். அவள் உடம்பு அப்படியே விறைத்தது. உதட்டைத் தூக்கி அடித்தொண்டையில் உறுமினாள். "ஏய், நான்தான்டி" என்று கையை நீட்டினேன். அந்தக் கோலத்தில் என்னை அவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்? முன்கையில் பல் இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா காபித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "வேண்டாங்க்கா, சோப்பு கொடுங்க" என்றேன். குழாயடியில் 15 நிமிடம் கழுவினேன், குளிரில் கை மரத்தே போனது. அப்புறம் ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்பதால், ரேபீஸ் (வெறிநாய்க்கடி) கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட்டார்கள். ரேபீஸ் தடுப்பூசி அன்றைக்கும், பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட கதையைத் தாத்தா சொல்வார். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரில் இருக்கும் மலை இது, இங்கேயே இன்னும் காபித்தூள் வைக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

செவலையை அடித்து விரட்டச் சொன்னார்கள். நான் விடவில்லை. பத்து நாள் கண்காணித்தோம், நன்றாகவே இருந்தாள். குட்டிகள் பால் மறக்கும்வரை விறகை வேறு இடத்தில் அடுக்கினோம். பிறகு அவளுக்குத் தடுப்பூசி, கருத்தடை இரண்டும் செய்தாயிற்று.

குன்னூரிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

அக்கா, எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளையைக் கடித்ததும் தெரிந்த நாய்தான். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் காவல் நாய். அது தட்டில் வாய் வைத்திருந்தபோது நான்கு வயதுப் பிள்ளை கட்டிப்பிடிக்கப் போனது. பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம், கன்னத்தில் கடி. வாலை ஆட்டிக்கொண்டுதானே இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வால் விறைப்பாக நின்று ஆடியதை நான் பார்த்தேன், அது எச்சரிக்கை என்று அப்போது புரியவில்லை. இப்போது தட்டு வைக்கும்போதே பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். சாயங்காலம் ஒரு மணி நேரம் சங்கிலியை அவிழ்த்துத் தேயிலைக்காட்டுப் பக்கம் நடத்திக் கூட்டிப்போகிறோம்.