ஐபிசிசியில் புகார் கொடுப்பது: நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்

செந்தூல் வாசி எழுதியது:

"மகனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அடித்துவிட்டார்கள், யாரிடம் சொல்வது?" இப்படிக் கேட்டால் நம் ஆட்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் "ஒய்பியைப் போய்ப் பார்" என்பதுதான். ஒய்பி (சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர்) கடிதம் எழுதுவார், ஐபிடிக்குப் (மாவட்டப் போலீஸ் தலைமையகம்) போன் போடுவார். அது உதவிதான். ஆனால் மலேசியாவில் போலீஸ் கூட்டரசின் கையில் இருக்கிறது. பினாங்கு முதலமைச்சரே நினைத்தாலும் ஒரு கான்ஸ்டபிள் மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவு போட முடியாது.

அந்த வேலைக்கென்று 2023 ஜூலை 1 முதல் ஐபிசிசி என்ற சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. அதன் சட்டம் 839. அதற்கு முன்னால் 2011 முதல் ஈஏஐசி (அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம்) இருந்தது. குடிநுழைவு, சுங்கம், போலீஸ் எல்லாவற்றையும் அந்த ஒரே ஆணையம் பார்த்தது. முன்னாள் தலைமை நீதிபதி துன் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகள் கொடுத்தபோது கேட்டது ஐபிசிஎம்சி. தப்பு செய்த அதிகாரியைத் தானே தண்டிக்கக்கூடிய ஆணையம் அது. இப்போது நம்மிடம் இருப்பது அது இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும்.

சொந்தக் கதை வேண்டாம். எந்தப் பாரம் (படிவம்), எத்தனை நாள், எங்கே சறுக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பிறை அக்கா எழுதியது:

முதல் 2 நாள் காகிதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஆணையம் 3 மாதம் கழித்து விசாரித்தாலும் அந்த 2 நாளில் நீங்கள் சேர்த்து வைத்ததைத்தான் பார்க்கும்.

காயம் இருந்தால் முதலில் அரசாங்க மருத்துவமனை. கோலாலம்பூரில் ஜிஎச், தீவில் பினாங்கு மருத்துவமனை, இந்தப் பக்கம் பெருநிலத்தில் செபராங் ஜெயா. டாக்டரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். பயத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு மருத்துவ அறிக்கையில் அந்த வார்த்தை உங்களுக்கு எதிராகவே நிற்கும். காயத்தைப் படம் எடுக்கும்போது கிட்டத்தில் ஒன்று, முகமும் காயமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது யாருடைய முதுகு என்று கேட்பார்கள். மறுநாளும் எடுங்கள், ஏனென்றால் கன்றிப்போன இடம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது போலீஸ் ரிப்போட். சம்பவம் நடந்த நிலையத்துக்கே போக வேண்டும் என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையமும் தகவலை எழுதிக்கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-வது பிரிவு சொல்கிறது. பக்கத்து மாவட்டத்து நிலையத்துக்குப் போவது நல்லது. ரிப்போட் போட்டதும் மருத்துவப் பரிசோதனைக்கான போல் 59 பாரம் கேளுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். நீங்கள் தமிழில் சொல்வீர்கள், கவுண்டரில் இருப்பவர் மலாயில் தட்டுவார். "அறைந்தார், பிறகு விலாவில் உதைத்தார்" என்று நீங்கள் சொன்னது "சயா டிபுக்குல்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அடித்தார்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அறைந்தது "டித்தம்பார்", குத்தியது "டித்தும்போக்", உதைத்தது "டித்தெண்டாங்", தள்ளியது "டித்தோலாக்". இந்த நான்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பில் காயம் என்று டாக்டர் எழுதி, ரிப்போட்டில் உதைத்ததாக வார்த்தையே இல்லையென்றால் அந்த இடைவெளியில் கேஸ் விழுந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு நினைவு வந்தால் இன்னொரு ரிப்போட் போட்டு முதல் ரிப்போட்டின் எண்ணை அதில் குறிப்பிடுங்கள். பழையதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

ஆள் அடையாளம்: சீருடையில் இருந்தால் பெயர்ப் பட்டை, உடல் எண், வண்டி எண். சாதா உடையில் இருந்தால் அதிகார அட்டையின் நிறம். நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழே, வெள்ளை ரிசர்வ். சிவப்பு என்றால் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு உங்கள் மேல் அதிகாரமே இல்லை.

செந்தூல் வாசி எழுதியது:

அக்கா, நன்றி. ரிப்போட் போட்டால் போதுமா? ஐபிசிசிக்குத் தனியாக எழுத வேண்டுமா?

சட்ட உதவித் தம்பி எழுதியது:

தனியாகத்தான் எழுத வேண்டும். ரிப்போட் குற்ற விசாரணைக்கு, ஐபிசிசி நடத்தை விசாரணைக்கு. ரிப்போட் தானாக ஆணையத்துக்குப் போய்ச் சேராது.

புகாரை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். தேதி, மணி, இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தது. "போலீஸ்காரர்கள் அராஜகம் செய்தார்கள்" என்பது விசாரிக்க முடியாத வாக்கியம். "இரவு 11.20 வாக்கில், மாடிப்படிக்குக் கீழே, மஞ்சள் அட்டை காட்டிய இருவரில் உயரமானவர் வலது கன்னத்தில் இரண்டு தடவை அறைந்தார், எதிர்க் கடையில் கேமரா இருக்கிறது" என்று எழுதினால் அதை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரி நேராகக் கடைக்குப் போகலாம். கடைக் கேமராவில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் ஆணையம் வரும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கடைக்காரரிடம் பிரதி கேளுங்கள். லோக்கப் கேமரா என்றால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஓசிபிடிக்குக் (மாவட்டப் போலீஸ் தலைவர்) கடிதம் எழுதி, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

உள்ளே போன புகாரை முதலில் புகார்க் குழு சலிக்கும். அற்பமானது என்று தள்ளலாம். போலீஸின் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரத்துக்கு அனுப்பலாம். லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்பு ஆணையமான எஸ்பிஆர்எம்முக்கு அனுப்பலாம். பாரதூரமானது என்றால் முழு விசாரணைக்குப் பரிந்துரைக்கலாம்.

விசாரணையில் தப்பு நிரூபணமானாலும் ஐபிசிசி யாரையும் வேலை நீக்கம் செய்யாது. பரிந்துரையோடு கோப்பை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். அரசியலமைப்பின் 140-வது விதியின் கீழ் வரும் அந்த ஆணையத்துக்குத் தலைவர் உள்துறை அமைச்சர், போலீஸ் படைத் தலைவரான ஐஜிபியும் அதில் உறுப்பினர். போலீஸ் மேல் வந்த புகாரில் கடைசி முடிவு எடுக்கும் இடத்திலேயே போலீஸ் தலைவர் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்பதே என் கருத்து. 2005-இல் கேட்டது கிடைத்திருந்தால் இந்தச் சுற்று இருந்திருக்காது.

பட்டர்வொர்த் ராஜா எழுதியது:

அப்படியென்றால் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்? ஐஜிபியின் நிலையான உத்தரவுகளில் அடங்கும் செயல்களை ஐபிசிசி தொடவே முடியாதே. ஈஏஐசிக்கு இருந்த சோதனை போடும் அதிகாரமும் இதற்கு இல்லை. லோக்கப்பைப் பார்க்கப் போனால்கூட முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

சட்ட உதவித் தம்பி எழுதியது:

ராஜா அண்ணே, மூன்றும் உண்மை. லோக்கப் விஷயம் ரொம்பவே வலிக்கிறது. சொல்லிவிட்டுப் போனால் தரை கழுவப்பட்டிருக்கும். ஆனாலும் புகார் கொடுக்கத்தான் வேண்டும் என்கிறேன். காரணம், கோப்பு என்று ஒன்று உருவாகிறது. காவலில் ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ அதை ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமை போலீஸுக்கு இருக்கிறது. பின்னாடி சிவில் வழக்கு போடும்போது, அன்றைக்கே எழுத்தில் சொன்னோம் என்பதற்கு இந்தக் கடிதம்தான் சாட்சி.

ஒரே கதவை மட்டும் தட்டாதீர்கள். ஜிப்ஸ் என்பது போலீஸுக்குள்ளேயே இருக்கும் நேர்மைப் பிரிவு. புக்கிட் அமானில் தலைமையகம், கோலாலம்பூர் ஜாலான் ஹாங் துவா ஐபிகேயிலும் (மாநில அளவிலான போலீஸ் தலைமையகம்) பினாங்கு ஐபிகேயிலும் ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் என்பதால் அன்றைய பணிப் பட்டியலைச் சீக்கிரம் எடுக்க முடியும். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதில் ஒரு நிபந்தனை: நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுஹாகாம் விசாரிக்காது. வழக்கு போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே அவர்களிடம் போய்விடுங்கள்.

விசாரணை நகரவில்லை என்பது தனி விஷயம், அதற்கு ஐபிசிசி தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின் கீழ் நிலை அறிக்கை கேட்டு எழுதுங்கள். ரிப்போட் போட்டு 4 வாரம் ஆகியிருக்க வேண்டும், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். கேட்ட 2 வாரத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்கறிஞர் தலைவருக்கு எழுதலாம்.

ஜெலுத்தோங் மாமி எழுதியது:

ஆள் இன்னும் உள்ளே இருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நேரம்தான் நெஞ்சு பதைக்கும்.

பிறை அக்கா எழுதியது:

மாமி, சரியாகக் கேட்டீர்கள். பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் ரிமாண்ட் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7, பிறகு இன்னொரு 7. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை மறுக்க டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி காரணம் காட்ட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) வக்கீல் ரிமாண்டுக்கு இலவசமாக வருவார்.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கோலாலம்பூரில் பிடித்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ஐபிடியாக இருக்கும், ஆளோ ஜிஞ்சாங் மத்திய லோக்கப்பில் இருப்பார். ஐஓ (விசாரணை அதிகாரி) பெயரையும் போன் எண்ணையும் முதலில் வாங்குங்கள்.

அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ரிமாண்ட் விசாரணையில் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லச் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது நீதிமன்றக் குறிப்பில் ஏறிவிடும். சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மாத்திரையோடு கிளினிக் அட்டைப் பிரதியையும் கொடுத்துவிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். லோக்கப்பில் சேர்த்தவரை முடிந்த சீக்கிரம் மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்று 1953 லோக்கப் விதிகள் சொல்கின்றன. "காட்டினீர்களா?" என்று ஐஓவிடம் தினமும் கேளுங்கள். கவுண்டரில் கோபப்பட்டு யாரையும் தொட்டுவிடாதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 186-இல் எதிர் ரிப்போட் வந்தால் உங்கள் புகார் பின்னுக்குப் போய்விடும்.

சட்ட உதவித் தம்பி எழுதியது:

எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். காவலில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தால், உடலை அடையாளம் காட்டப் போகும்போதே முன்னும் பின்னும் படம் எடுங்கள். தகனத்துக்கு அவசரப்படாதீர்கள். நம் வழக்கப்படி அன்றைக்கே அல்லது மறுநாளே எரித்துவிடுகிறோம். எரித்த பிறகு இரண்டாவது பிரேதப் பரிசோதனைக்கு வழியே இல்லை. 2009-இல் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்த குகனின் கேஸில் முதல் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் கேட்டு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்த இரண்டாவது பரிசோதனைதான் அடியின் விளைவைக் காட்டியது. 2013-இல் உயர்நீதிமன்றம் 801,700 வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-வது பிரிவின்படி போலீஸ் காவல் மரணத்துக்கு மரண விசாரணை நடக்க வேண்டும். தேதி கேட்டு நீதிமன்றப் பதிவகத்துக்கு எழுதுங்கள், குடும்பத்துக்காக வக்கீல் உட்கார அனுமதி கேளுங்கள்.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு 36 மாதம், 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி. ஐபிசிசி முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆணையத்தில் கோப்பு திறந்திருப்பதால் கடிகாரம் நிற்காது. சம்பவத் தேதியிலிருந்து எண்ணி, 30-வது மாதத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஜெலுத்தோங் மாமி எழுதியது:

சாலைத் தடுப்பில் காசு கேட்டால்?

பட்டர்வொர்த் ராஜா எழுதியது:

அது எஸ்பிஆர்எம், மாமி. 1-800-88-6000. இடம், மணி, வண்டி எண், கேட்ட தொகை. கொடுத்துவிட்டுச் சொல்வதை விட, கொடுக்காமல் சம்மனை வாங்கிக்கொண்டு அன்றைக்கே சொல்லுங்கள். லஞ்சம் கேட்டதைத் தெரிவிப்பது எஸ்பிஆர்எம் சட்டத்தின் 25-வது பிரிவின்படி நம் கடமையும்கூட.